மூங்கிலில் விளைந்த தேறல்

மலைபடுகடாத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அதன் ஓசைகளுக்காகவே வாசிக்கிறார்கள். மலையில் எழும் ஒலிகளை அடுக்கிக்கொண்டே போகும் பகுதி பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் வரும் குடியும் சாப்பாடும்.

583 அடிகள், பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனின் செங்கண்மாதான் இன்றைய செங்கம். வடக்கே ஜவ்வாது மலை. பாட்டில் வரும் சேயாறு இறங்கி வருவது அங்கிருந்துதான். நவிர மலையைப் பர்வதமலை என்கிறார்கள், அதுவும் பக்கத்து மலையே. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பஸ்ஸில் ஏறினால் பாட்டின் நிலத்தை ஓரளவு கண்ணால் பார்த்துவிடலாம்.

அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் கூத்தர்களுக்குக் கிடைப்பது வெறும் கள் அல்ல. மூங்கில் குழாய்க்குள் முதிரவிட்ட தேன்கள்ளின் தெளிவு. என்ன பொருள், எந்தப் பாத்திரம், எப்படி முதிர்ந்தது, கசடு நீக்கியதா என்பதெல்லாம் ஒரே அடிக்குள் வந்துவிடுகிறது. 'தேறல்' என்றாலே தெளிந்தது. நமக்கு வகுப்பில் இது எல்லாவற்றையும் 'கள்' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டார்கள். இதோடு புலவர் விடவில்லை. ராத்திரிக் குடியின் கிறக்கம் விடிந்ததும் தீர வேண்டாமா? பலாக்கொட்டை, கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, புளி, மோர், மூங்கிலரிசிச் சோறு. ஹேங்ஓவருக்கு மெனு எழுதிய கவிஞர்! இந்த அக்கறையை நான் வேறு எந்த ஆற்றுப்படையிலும் இவ்வளவு நெருக்கமாக உணர்ந்ததில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'நம் பாரம்பரிய மது' என்று உருகுகிறவர்கள் இந்தத் தேறலை நேராக மலைச் சாராயத்தோடு கோர்த்துவிடுகிறார்கள். அது தப்பு. தேறல் நொதித்தது, சாராயம் காய்ச்சி வடித்தது, வேறு தொழில்நுட்பம், பிந்தைய காலம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது இந்த இரண்டாலும்கூட இல்லை, மெத்தனாலால். அது ஆலைச் சரக்கு. அந்தச் சாவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கப்பாட்டைக் காட்டிக் கள்ளச்சாராயத்துக்குக் கௌரவம் தேடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் எதிர்ப்பக்க வாதமும் சரியாகப் படவில்லை. ஸ்பெயினின் கலீசியாவில் ஒயினுக்குப் பிழிந்த திராட்சைச் சக்கையைக் காய்ச்சி 'ஒருஹோ' என்று வடிக்கிறார்கள். நவார்ராவில் காட்டுப் பழத்தைச் சோம்புச் சாராயத்தில் ஊறவைத்தால் 'பச்சாரான்'. இரண்டும் ஊர்ப்பெயரோடு, புவிசார் குறியீட்டோடு விற்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன், கோவாவின் ஃபெனிக்கு 2009இலேயே கிடைத்துவிட்டது. நம்மிடம் 1987இல் கள்ளுக்குத் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக்கில் பிராந்தி என்ற பெயரில் கரும்பாலைக் கழிவுப்பாகின் ஸ்பிரிட். எந்த மலையின் எந்தப் பூவும் அதில் இல்லை. குடிப்பவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. மலைபடுகடாத்தின் கூத்தனுக்குத் தெரிந்திருந்தது.

ஜவ்வாதில் இன்றும் தேன் எடுக்கிறார்கள், மூங்கில் இருக்கிறது, பலா கொட்டிக் கிடக்கிறது. பாட்டின் அந்த ஒற்றை அடியை ஒரு செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு குழாயில் தேனை நொதிக்கவிட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது.