வரவேற்ற பாட்டும் ஏங்கிய பாட்டும்

முஹர்ரம் பிறந்தால் எங்கட பாடசாலைகளில் ஹிஜ்ரி புதுவருட நிகழ்ச்சி நடக்கும். கிராஅத், தலைமையுரை, ஹிஜ்ரத் பற்றி ஒரு மாணவரின் பேச்சு. அதன் பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று 'தலஅல் பத்ரு' பாடுவார்கள். மக்காவை விட்டு மதீனா வந்த நபிகளாரை (ஸல்) அந்த ஊர்ச் சிறுவர்கள் பாடி வரவேற்ற பாட்டு என்றுதான் எல்லோருக்கும் அது அறிமுகம்.

அண்மைக் காலமாக இந்தப் பாட்டைச் சுற்றி ஒரு வாதம் நடக்கிறது. "ஹிஜ்ரத்தில பாடினதுக்கு ஸஹீஹான ஆதாரம் இல்ல, பிள்ளைகளுக்குப் பிழையான வரலாற்றைப் படிப்பிக்க வேணாம்" என்பது ஒரு பக்கம். "எங்கட மூத்தவங்க காலங்காலமாப் பாடி வந்தது, இப்ப மட்டும் என்ன குறையக் கண்டீங்க" என்பது மறுபக்கம். அந்த நாளில் அது பாடப்பட்டதா, இல்லையா என்ற ஒரே கேள்வியைத்தான் இரு பக்கத்தாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவசியமானதுதான். ஆனால் இலக்கியம் படித்தவர்கள் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒரு பயணத்தோடு ஒரு பாட்டு எப்படிப் போய் ஒட்டிக்கொள்கிறது? ஒட்டிய பின் அந்தப் பயணத்தின் எந்தப் பகுதியை அது நினைவில் வைக்கிறது, எதை மறைக்கிறது?

முதலில் ஆதாரத்தைப் பார்ப்போம். பாட்டில் வரும் இடப்பெயர் 'ஸனியத்துல் வதாஃ'. விடைபெறும் கணவாய் என்று பொருள் சொல்லலாம். மதீனாவிலிருந்து புறப்படுகிறவரை ஊரார் அதுவரை கூடவே போய் வழியனுப்பியதால் வந்த பெயர் என்பார்கள். ஹிஜ்ரி 751இல் காலமான இமாம் இப்னுல் கையிம் தமது 'ஸாதுல் மஆத்' நூலில் இந்தப் பாட்டைத் தபூக் பயணத்திலிருந்து திரும்பிய நிகழ்ச்சியோடு வைக்கிறார். அந்தக் கணவாய் ஷாம் தேசத்துப் பக்கம் இருக்கிறது, மக்காவிலிருந்து வருகிறவர் அதைக் கடப்பதில்லை என்பது அவர் சொல்லும் நியாயம். ஹிஜ்ரத்தில் பாடப்பட்டதாகச் சொல்லும் அறிவிப்பு, ஹிஜ்ரி 228இல் காலமான இப்னு ஆயிஷாவோடு நின்றுவிடுகிறது. நிகழ்ச்சிக்கும் அவருக்கும் இடையில் அறிவிப்பாளர்கள் விடுபட்டிருப்பதை இமாம் இப்னு ஹஜர் எடுத்துக்காட்டி, தபூக்கிலிருந்து திரும்பியபோது இது பாடப்பட்டிருக்கலாம் என்கிறார். மக்கா வழியிலும் அப்படியொரு கணவாய் இருந்தது என்று மறுமொழி சொன்னவர்களும் உள்ளனர்.

தபூக் ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அதைப் பற்றி ஸஹீஹுல் புகாரியில் அழகான அறிவிப்பொன்று இருக்கிறது. ஸாயிப் இப்னு யஸீத் (ரழி) அப்போது சின்னப் பிள்ளை. தபூக்கிலிருந்து திரும்பிய நபிகளாரை எதிர்கொள்ள மற்றப் பிள்ளைகளோடு ஸனியத்துல் வதாஃவுக்குப் போனது தமக்கு நினைவிருக்கிறது என்று பெரியவரான பிறகு சொல்கிறார். அந்த அறிவிப்பில் கணவாய் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வரவேற்பு இருக்கிறது. பாட்டு இல்லை.

ஹிஜ்ரத் பற்றிய ஆதாரபூர்வமான அறிவிப்புகளிலும் மதீனாவின் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. பராஃ இப்னு ஆஸிப் (ரழி) சொல்வதன்படி, வேலைக்காரச் சிறுமிகள்கூட அல்லாஹ்வின் தூதர் வந்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். மக்கள் கூரைகளில் ஏறி நின்றதையும், சிறுவர்கள் தெருவெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இங்கேயும் பாட்டு இல்லை. ஒரு நிகழ்ச்சியில் பிள்ளைகளும் கணவாயும் இருந்தன, மற்ற நிகழ்ச்சியில் ஊரே கூடிய பெருமகிழ்ச்சி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்ற பாட்டை, ஹிஜ்ரத் என்ற பெரிய பயணம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று கருத இடமுண்டு. யாரும் திட்டமிட்டுச் செய்த பொய் என்று இதைச் சொல்லத் தேவையில்லை. நினைவின் இயல்பு அப்படி.

பாட்டும் பயணமும் அரபு வாழ்க்கையில் முன்னரே ஒன்றாகக் கிடந்தவை. ஒட்டகம் நடக்கும் தாளத்துக்கு ஏற்ப ஒட்டுபவன் பாடும் பாட்டுக்கு 'ஹுதா' என்று பெயர். அன்ஜஷா என்ற ஒட்டகமோட்டி பாடப் பாட ஒட்டகங்கள் வேகமெடுத்தன. மேலே பெண்கள் இருக்கிறார்கள், கண்ணாடிப் பாத்திரங்களைப் போல அவர்களைப் பக்குவமாகக் கொண்டுபோ என்று நபிகளார் அவரைத் தடுத்த செய்தி பிரசித்தமானது. ஹிஜ்ரி 7இல் கைபர் போகும் இரவு வழியில் ஆமிர் இப்னுல் அக்வஃ (ரழி) பாடினார். பாடுகிறவர் யார் என்று கேட்ட நபிகளார் அவருக்காக அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். அந்தப் பிரார்த்தனையின் பொருள் உமருக்கு (ரழி) உடனே விளங்கிவிட்டது. ஆமிர் கைபரிலிருந்து திரும்பவில்லை. இதை நமக்கு அறிவிப்பவர் அவருடைய உறவினரான ஸலமா (ரழி). வழியில் எத்தனையோ பேர் எத்தனையோ இரவுகள் பாடியிருப்பார்கள். பாடியவர் திரும்பி வராததால் அந்த ஓரிரவுப் பாட்டு ஸலமாவின் நினைவில் நிலைத்தது. பாட்டைப் பயணத்தோடு கட்டிப்போடுவது சொற்களின் சிறப்பு மட்டுமல்ல, அந்தப் பயணத்தில் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பதும்தான்.

வழியில் பாடுவது ஒன்று, வந்தவரை வரவேற்றுப் பாடுவது இன்னொன்று. வந்து சேர்ந்தவர் விட்டுவந்த ஊரை நினைத்துப் பாடுவது மூன்றாவது. ஹிஜ்ரத்துக்கு இந்த மூன்றாவது வகைப் பாட்டும் உண்டு. அதற்கு ஸஹீஹான ஆதாரமும் உண்டு. ஆனால் எங்கட விழா மேடைகளில் அதை நான் கேட்டதேயில்லை.

ஆயிஷா நாயகி (ரழி) அறிவித்து புகாரியில் பதிவான செய்தி அது. மதீனா வந்த புதிதில் அபூபக்ரும் (ரழி) பிலாலும் (ரழி) காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் விட்ட நேரங்களில் பிலால் குரலை உயர்த்திப் பாடுவார். அந்தப் பாட்டு இரண்டே அடிகள். மக்காப் பள்ளத்தாக்கில் இன்னுமோர் இரவு தங்கக் கிடைக்குமா, அங்குள்ள நீரைக் குடிக்கக் கிடைக்குமா, அந்த மலைகள் கண்ணில் படுமா என்பதுதான் உள்ளடக்கம். அதில் இத்கிர், ஜலீல் என்று இரண்டு புற்பூண்டுகள் வருகின்றன. மஜன்னா என்ற நீர்த்துறை வருகிறது. ஷாமா, தபீல் என்று இரண்டு மலைகள் வருகின்றன. அவை ஊற்றுகள் என்பாரும் உளர்.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும். முதலாவது, இதில் கஃபா இல்லை. மக்கா என்றதும் நமக்கு நினைவு வரும் அந்தப் பெரிய அடையாளத்தை விட்டுவிட்டு, வீட்டுக் கூரைக்கு இடும் இத்கிர் புல்லைச் சொல்கிறார். ஊரைப் பிரிந்தவனுக்கு ஊர் என்பது இப்படித்தான் திரும்பி வருகிறது. தொல்காப்பியர் மரபில் சொன்னால் இவை எல்லாம் கருப்பொருள். உரிப்பொருளான ஏக்கத்தைப் பெயர் சொல்லாமலே புல்லும் நீரும் மலையும் சொல்லிவிடுகின்றன. அகநானூற்றின் 400 பாட்டில் 200 பாட்டைப் பிரிவுக்குரிய பாலைக்கு ஒதுக்கிய தமிழுக்கு இது புதிதல்ல. பறம்பு மலையை இழந்த பாரி மகளிர் புறநானூற்றில் நிலவையும் குன்றையும் வைத்துப் பாடியதும் இதே வழிதான்.

இரண்டாவது, பாடியவர் யார் என்பது. மக்காவில் அடிமையாக இருந்து, சுடுமணலில் கிடத்தப்பட்டு, நெஞ்சில் பாறாங்கல் ஏற்றப்பட்டவர் பிலால். அந்த ஊரை வெறுக்க அவரைவிட நியாயம் உள்ளவர் இல்லை. அவரே அந்த ஊரின் புல்லுக்கு ஏங்குகிறார். அதே அறிவிப்பில், தங்களை ஊரைவிட்டு வெளியேற்றிய ஷைபா, உத்பா, உமையா ஆகியோரைப் பெயர் சொல்லிச் சபிக்கவும் செய்கிறார். ஊர்மீது பாசம், துரத்தியவர்மீது கோபம், இரண்டும் ஒரே வாயில். ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கவில்லை.

நபிகளார் அந்தப் பாட்டைத் தடுத்ததாக இல்லை. மக்காவை நேசிப்பதுபோல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவையும் எமக்கு நேசமாக்குவாயாக என்று துஆ கேட்டார்கள். இந்தத் துஆவில் பழைய ஊர் அழிக்கப்படவில்லை. புதிய ஊரின்மீது வரவேண்டிய அன்புக்குப் பழைய ஊரே அளவுகோலாக இருக்கிறது. ஊரை நினைத்து அழுவது ஈமானின் குறை என்று சொல்கிறவர்களுக்கு இதுவே போதுமான பதில்.

இவ்வளவு இருந்தும் எமது மேடைக்கு முதற்பாட்டு மட்டும் வந்து சேர்ந்தது ஏன்? வரவேற்ற பாட்டு ஹிஜ்ரத்தை ஒரு வருகையாகக் காட்டுகிறது. வருகை விழாவுக்குப் பொருந்தும், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பாடவைக்கலாம். எமது தமிழ் இஸ்லாமியப் பாடல்களில் பெரும்பகுதியும் இந்தத் திசையில்தான் போகிறது. நாகூர் ஈ. எம். ஹனீபா (1925–2015) போன்றவர்களின் குரலில் இலங்கை வானொலி வழியாக எங்கட வீடுகளுக்குள் வந்த பாடல்களில் மதீனாவை நோக்கிய ஏக்கம் நிறைய உண்டு. அது காணாத ஊருக்குப் போக விரும்பும் ஏக்கம். கண்ட ஊரை இழந்த ஏக்கம் வேறு. உமறுப்புலவர் சீறாப்புராணத்து ஹிஜ்றத்துக் காண்டத்தில் யாத்திரைப் படலம், விடமீட்ட படலம், சுறாக்கத்துத் தொடர்ந்த படலம், மதீனம் புக்க படலம் என்று வழியின் ஆபத்தையும் நிறுத்தங்களையும் தனித்தனியாகவே வைத்தார். அவ்வளவு நீண்ட வழியில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கடைசி நாளை மட்டும்.

இது வெறும் இலக்கிய விவகாரம் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் சோனகதெரு மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்கு வந்திறங்கினார்கள். அந்த வெளியேற்றத்தை நம்மவர்கள் பலர் ஹிஜ்ரத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள், எழுதினார்கள். பொறுமைக்கும் ஆறுதலுக்கும் அந்த ஒப்பீடு உதவியது உண்மை. ஆனால் ஹிஜ்ரத் என்றால் வரவேற்புப் பாட்டு என்று மட்டும் பழகிய மனதுக்கு, எருக்கலம்பிட்டியையும் முசலியையும் சிலாவத்துறையையும் விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முகாமில் ஒரு மூத்தம்மா தன் வளவுக் கிணற்றுத் தண்ணியின் ருசியைச் சொல்லிச் சொல்லி அழுதால், "அல்லாஹ்ட நாட்டம், பொறுத்துக்கங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மஜன்னாவின் நீரைப் பற்றிப் பிலாலும் அப்படித்தான் பாடினார் என்று சொல்ல ஆள் இருக்கவில்லை.

இப்போது அந்த மூத்தம்மாவின் பேரப்பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 2009க்குப் பிறகு சிலர் மீளக் குடியேறினார்கள், சிலருக்குப் புத்தளமே ஊர். பிறந்த மண்ணை நேசிப்பதற்காக அவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, நபிகளாரின் துஆவே அதற்குச் சான்று. அப்படியானால் வாப்பாவும் உம்மாவும் வந்த வழியின் நினைவு அவர்களுக்கு எந்த வகையில் சொந்தம்?

இதற்கும் பிலாலின் பாட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த அடிகள் பிலால் இயற்றியவை அல்ல, மிக முந்திய காலத்தில் மக்காவிலிருந்து குஸாஆ குலத்தாரால் துரத்தப்பட்ட ஜுர்ஹும் குலத்தான் ஒருவன் பாடியவை என்ற கருத்தை உரைகாரர்கள் பதிந்திருக்கிறார்கள். அது சரியென்றால், யாரோ ஒருவனின் பழைய வெளியேற்றப் பாட்டைத் தன் பயணத்துக்கு எடுத்துப் பாடியிருக்கிறார் பிலால். தபூக்கில் பாடப்பட்டிருக்கக் கூடிய பாட்டு ஹிஜ்ரத்துக்கு வந்தது. ஜுர்ஹுமியர் பாடியிருக்கக் கூடிய பாட்டும் ஹிஜ்ரத்துக்கு வந்தது. பயணத்துக்குப் பயணம் பாட்டு கைமாறும். கைமாறியதாலே அது பொய்யாகிவிடாது. ஆனால் எங்கிருந்து வந்தது என்பதையும், எதற்காக எடுத்துக்கொண்டோம் என்பதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே 'தலஅல் பத்ரு'வை மேடையிலிருந்து இறக்கச் சொல்ல எனக்கு நியாயம் தெரியவில்லை. அதன் வரலாறு பற்றி அறிஞர்கள் கருத்து வேறுபட்டதை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்லலாம். ஆதாரத்தைத் தேடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அதே மேடையில், அந்தப் பாட்டு முடிந்ததும், ஒரு பிள்ளை எழுந்து பிலாலின் ஹதீஸைத் தமிழில் வாசிக்கட்டும். பிறகு வீட்டுக்குப் போய், மூத்தம்மா விட்டுவந்த ஊரில் என்ன மரம் நின்றது, எந்தக் கிணற்றுத் தண்ணி குடித்தார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்வோம். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. வருகிற முஹர்ரத்திலேயே தொடங்கினால் நல்லது.