மேடைக் கதையும் மாணவர் குரலும்

விருதுநகர் வட்டாரத்தில் மாணவர் போராட்டம் பற்றிப் பேச்செழுந்தால், அது பெரும்பாலும் 1967-இல் வந்து நிற்கும். பெருந்தலைவர் காமராசரை அவர் பிறந்த ஊரிலேயே ஒரு மாணவர் தோற்கடித்தார் என்பதே அக்கதை. மேடையில் பேசுவோர் அதைப் பெருமையாகச் சொல்வர். வீட்டில் பெற்றோர் எச்சரிக்கையாகச் சொல்வர். இரு தரப்பாரும் கதையைப் பாதியாகவே சொல்கின்றனர் என்பது என் எண்ணம்.

நடந்ததை நோக்குவோம். அரசியலமைப்பு வகுத்த 15 ஆண்டுக் கெடு முடிந்து, 1965 சனவரி 26 அன்று இந்தி ஆட்சிமொழியாக இருந்தது. மைய அரசின் தேர்வுகளும் வேலைகளும் எட்டாக் கனியாகிவிடும் என அஞ்சிய மாணவர்கள் அதற்கு முன்னாளில் மதுரையில் ஊர்வலம் சென்றனர். அங்கு மூண்ட கலவரம் மாநிலமெங்கும் பரவியது. 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தார். அரசுக் கணக்கின்படியே மாண்டோர் ஏறக்குறைய 70 பேர். அவருள் காவலரும் உண்டு. பிப்ரவரி 11 அன்று, ஆங்கிலம் நீடிக்கும் எனப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். அப்போராட்டத்தில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன், 1967 தேர்தலில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார்.

இதில் மேடை மறைப்பவை எவை? சீனிவாசன் தி.மு.க.வின் வேட்பாளர், அவருக்குப் பின்னே ஒரு பெருங்கட்சியின் உழைப்பு இருந்தது. மக்களின் சினத்தில் மொழி மட்டுமன்று, அரிசித் தட்டுப்பாடும் கலந்திருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அன்று வீடுதோறும் பேசப்பட்டது. காமராசரோ 1963-இலேயே முதலமைச்சர் பதவியைத் துறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர் திறந்த பள்ளிகளும், விரிவாக்கிய மதிய உணவுத் திட்டமுமே ஏழைப் பிள்ளைகள் பலரைக் கல்வியின்பால் அழைத்து வந்தன. இவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு மற்போர்க் கதையே. அதில் மாண்டவருக்கும் இடமில்லை, மாணவர் கேட்ட கேள்விக்கும் இடமில்லை.

பெற்றோரின் எச்சரிக்கையை நான் எள்ளி நகையாடேன். தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களின் கூலியில் மிச்சம்பிடித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்கும் தாய், "வம்புக்குப் போகாதே" என்பதில் வியப்பென்ன? ஒரு வழக்கு வந்தால் அவள் பல்லாண்டு உழைப்பு வீணாகும். ஆயினும் மௌனத்திற்கும் விலை உண்டு. 2018-இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவியர் சிலர், தங்கள் பேராசிரியை ஒருவர் தங்களைத் தகாத வழிக்கு அழைத்ததைத் துணிந்து வெளிப்படுத்தினர். 2024 ஏப்ரலில் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரை விடுவித்தது. அம்மாணவியரும் வம்பெதற்கு என்று வாளாவிருந்திருந்தால் யாருக்கு நன்மை விளைந்திருக்கும்? கொடி பிடியாத, கல்லெறியாத அச்செயலும் மாணவர் போராட்டமே. எனினும் நம் மேடைகள் அதைப் பாடுவதில்லை.

கல்லூரிகளும் தம்மை ஆராய்ந்துகொள்ள வேண்டும். உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி அமைந்த லிங்டோ குழு, மாணவர் பேரவைத் தேர்தல்களைக் கட்டுப்பாட்டுடன் முறையாக நடத்தலாம் என 2006-இல் பரிந்துரைத்தது. ஒரு வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் என வரம்பும் வகுத்தது. நம் மாநிலத்தில் பல கல்லூரிகள் அதன் பக்கம் திரும்பவேயில்லை. அமைதி காக்கிறோம் என்பர். ஆனால் கூடிப் பேசவும் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் நேர்வழி இல்லாதபோது, இளைஞர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டிச் சாதியின் பெயரால் கூடுகின்றனர். நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர் ஒருவர் உடன் பயின்றோரால் வெட்டப்பட்ட பின்னர் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தடை தேவையே, ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு வேறொரு பணியையும் தர வேண்டுமன்றோ?

பன்னிரண்டு வயது இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, அவர்களுக்குச் செவிகொடுத்தும் அவர்களை வினவியும் இருந்ததை லூக்கா எழுதுகிறார். செவிகொடுத்தல், வினவுதல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே மாணவப் பருவம். அங்கிருந்த போதகரும் சிறுவனை விரட்டவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு 1967-ஐச் சொல்லும்போது அரிசியையும் சேர்த்துச் சொல்வோம். இராசேந்திரனையும், மாண்ட காவலரையும், பள்ளிகளைத் திறந்த காமராசரையும் சேர்த்துச் சொல்வோம். இன்று மாலை கல்லூரியிலிருந்து திரும்பும் மகளிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், அங்கே அவளுக்கு நேரும் குறை ஏதும் உண்டா எனக் கேட்போம். அவள் உண்டென்றால் அவளோடு சென்று முதல்வரைக் காணும் துணிவு நமக்கு வேண்டும்.