ஏற்றத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லை முடிவதற்கு முன்னால் வரிசையாகப் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. தமிழ்நாட்டைவிட டீசல் விலை சற்றுக் குறைவு என்பதால், ஓசூர்ப் பக்கம் இறங்கும் லாரிகள் அங்கே நின்று டேங்கை நிரப்பிக்கொண்டு போகும். ஓர் இரவு ஒரு டிரெய்லர் டீசல் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பு தானாக நின்ற பிறகும் டிரைவர் விடவில்லை. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்தார். கிளீனர் செல்போன் வெளிச்சத்தை டேங்க் வாய்க்குள் காட்ட, கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து வரை ஊற்றச் சொன்னார். ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டேன். "இங்க குறையிற அஞ்சு லிட்டரு, அங்க என் படியில போயிடும் சார்" என்றார்.

அந்த ஒரு வரிக்குள் நம் லாரித் தொழிலின் மைலேஜ் கணக்கு முழுவதும் இருக்கிறது. கிளம்பும்போது டேங்க் ஃபுல். திரும்பி வந்ததும் மறுபடியும் டேங்க் ஃபுல். இடையில் பிடித்த டீசலால் ஓடிய கிலோமீட்டரை வகுத்தால் மைலேஜ். இந்த வண்டிக்கு லிட்டருக்கு இத்தனை என்று முதலாளி முன்கூட்டியே ஓர் எண்ணை வைத்திருப்பார். அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் மிச்சத்தில் டிரைவருக்குப் பங்கு, குறைந்தால் பிடித்தம். நாமக்கல், சங்ககிரி தொடங்கிப் பெங்களூரின் எசவந்தபுரம், நெலமங்கலா வரை, ஆளுக்கு ஆள் எண் மாறினாலும் பல இடங்களில் கணக்கு இதுதான். இந்த வழக்கத்தில் பரிசு தருகிற பாதி நியாயமானது. பிடித்தம் செய்கிற பாதி அநியாயமானது, ஆபத்தானதும்கூட. ஏன் என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் முதலாளியின் பக்கம். லாரி ஓடுவதற்கு ஆகும் செலவில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியதிலிருந்து விலை என்றைக்கு எப்படி நகரும் என்று அவரால் கணிக்க முடிவதில்லை. 2025 ஏப்ரல் 1 அன்று கர்நாடக அரசு விற்பனை வரியை உயர்த்தியதும் லிட்டருக்கு 2 ரூபாய் கூடி, விலை 91 ரூபாயைத் தொட்டது. அதே மாதம் 14ஆம் தேதி நள்ளிரவு முதல் மாநில லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு வண்டி லிட்டருக்கு 3 கொடுப்பதற்கும் 3.25 கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 256 லிட்டர். பணமாக 23,000 ரூபாய்க்கு மேல். ஒன்றிரண்டு வண்டிகளைக் கடனில் வாங்கி ஓட்டுபவருக்கு அது தவணையின் ஒரு துண்டு. அவர் கணக்குக் கேட்பதில் தவறில்லை.

இந்தக் கணக்கு ஒரு கைத்திறனையும் வளர்த்திருக்கிறது. டயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, தார்ப்பாய் காற்றில் உப்பி வண்டியைப் பின்னால் இழுக்காமல் கயிற்றை இறுக்கிக் கட்டுவது, தூரத்தில் சிக்னல் சிவப்பானதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கே போடாமல் வேகத்தைக் கரைப்பது. பழகிய டிரைவரிடம் இவை மூச்சு விடுவதுபோல நடக்கின்றன. அந்தத் திறமைக்குப் பணம் கிடைக்க வேண்டும்.

மைலேஜ் வண்டியின் நாடியும்கூட. ஏர் ஃபில்டர் அடைத்தாலும், இன்ஜெக்டர் கசிந்தாலும், பிரேக் பிடித்தபடியே ஓடினாலும் முதலில் தெரிவது மைலேஜில்தான். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பெங்களூர் ஆடுகோடியில் டீசல் பம்பு செய்த நாளிலிருந்து, மைலேஜ் இறங்கினால் பம்பைப் பார் என்பது மெக்கானிக்குகளின் பாலபாடம். அந்த நிறுவனத்துக்கு இன்று போஷ் என்று பெயர். பம்பு இருந்த இடத்துக்கு மின்னணு இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. பாடம் மாறவில்லை.

இனி குறைகள். முதல் குறை அளவுகோலிலேயே இருக்கிறது. லாரி இருப்பது சரக்கைக் கொண்டுபோக. கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் சரக்கு கணக்கில் வராது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும், பெரிய டிரெய்லரின் எடை 49 டன்னிலிருந்து 55 டன்னாகவும் கூடியது. எடுத்துக்காட்டுக்கு, 19 டன் சரக்கோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் பத்து வீல் லாரியையும், 39 டன் சரக்கோடு 2.5 கொடுக்கும் டிரெய்லரையும் எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் முன்னது 76 டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்துகிறது. பின்னது 97 டன்னுக்கு மேல் நகர்த்துகிறது. மைலேஜ் நோட்டில் தோற்ற வண்டிதான் உண்மையில் சிக்கனமானது. காலியாகத் திரும்பும் வண்டியின் மைலேஜ் நோட்டில் அழகாகத் தெரியும். அது எரித்த டீசலோ ஒரு மூட்டையைக்கூட நகர்த்தியிருக்காது.

இரண்டாவது குறை, பெங்களூரின் உயரம். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 55 டன் எடையோடு வரும் டிரெய்லர், சாலையில் ஓடுவதற்கு ஆகும் டீசலோடு, அந்த உயரத்துக்குத் தன்னையே தூக்கிக்கொள்ளவும் டீசல் எரிக்கிறது. டீசலில் உள்ள சக்தியில் எஞ்சின் பத்தில் நான்கு பங்கை வேலையாக மாற்றும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏற்றத்துக்கு மட்டும் 30 லிட்டருக்கு மேல் ஆகிறது. 350 கிலோமீட்டர் பயணத்துக்கு ஆகும் மொத்த டீசலில் அது ஏறக்குறைய கால் பங்கு. இறங்கும்போது அதில் ஒரு பகுதி மிச்சமாகும். காலியாக இறங்கினால் அதுவும் சொற்பம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே எண்ணை வைத்தால், மலையின் உயரத்தை டிரைவரின் படியிலிருந்து கழிக்கிறோம் என்று பொருள்.

மூன்றாவது குறை சாலையுடையது. கம்பிவடங்களில் பழுது கண்டதால், பெங்களூரின் தும்கூர் ரோட்டில் பீன்யா மேம்பாலம் 2021 டிசம்பரில் மூடப்பட்டது. சில வாரங்களில் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். கனரக வண்டிகள் மறுபடியும் ஏறியது 2024 ஜூலையில்தான். இரண்டரை ஆண்டுகள் அத்தனை லாரிகளும் கீழே கொரகுண்டேபாளையா, ஜாலஹள்ளி கிராஸ் என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று போயின. நின்ற 55 டன் வண்டியை மறுபடியும் 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய கால் லிட்டர் டீசல் தேவை. ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஒரு பெரிய டம்ளர் டீசலைக் கீழே கொட்டுவதற்குச் சமம் அது. பாலத்தின் பழுதுக்கு டிரைவர் எப்படிப் பொறுப்பாவார்?

நான்காவது குறைதான் என்னை இதை எழுத வைத்தது. பெங்களூரிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் தருமபுரியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கம், வளைவுகள். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் இறங்குகிறார்கள், விழுந்த மைலேஜை அந்தச் சில கிலோமீட்டரிலாவது மீட்டுவிடலாம் என்ற ஆசையில். கொடுமை என்னவென்றால், செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதில்லை. கியரில் இருக்கும் இன்றைய எஞ்சின், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசலை அறவே நிறுத்திவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும், எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலுக்கு மாற்றினால் எஞ்சின் அணையாமல் இருக்கவே டீசல் வேண்டும். மெல்லிய சரிவில் வண்டி கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மை. தொப்பூர் போன்ற இறக்கத்திலோ, பிடிமானம் போன வண்டியை பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். லைனிங் சூடேறிப் புகையும். பிறகு மிதித்தாலும் நிற்காது. அங்கே நடந்த விபத்துகள் எல்லாவற்றுக்கும் நியூட்ரல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலையின் அமைப்பும், அதிகச் சுமையும், தூக்கமின்மையும் உண்டு. ஆனால் பிடித்தம் என்ற பயம் ஒரு மனிதனின் கையை கியர் கம்பியில் நியூட்ரலுக்குத் தள்ளுகிறது என்றால், அந்தப் பயத்தை உண்டாக்கிய கணக்குக்கும் அதில் பங்கு இருக்கிறது.

புதிதாகத் தயாராகும் லாரிகளின் கேபினில் இப்போது ஏசி கட்டாயம். நல்ல சட்டம். பிடித்தம் நீடித்தால் மே மாத வெயிலிலும் டிரைவர் அந்தப் பொத்தானைத் தொடத் தயங்குவார்.

அரசின் அளவுகோலும் இதே குறையிலிருந்து தப்பவில்லை. 12 டன்னும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு 2017இல் அறிவித்த எரிபொருள் வரையறை, மணிக்கு 40, 60 கிலோமீட்டர் என்ற மாறாத வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை அடிப்படையாகக் கொண்டது. வண்டியோடு வண்டியை ஒப்பிட அது உதவும். பெங்களூரின் ஹெப்பாள், சில்க் போர்டு நெரிசலில் லாரி என்ன குடிக்கும் என்பதை அது சொல்லாது.

மாற்றுவழி கடினமானதில்லை. டிரிப் ஷீட்டில் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும்: எத்தனை டன், ஏற்றமா இறக்கமா, எத்தனை மணி நேரம் நெரிசலில் நின்றது. எடைமேடைச் சீட்டு கையில் இருக்கிறது. சுங்கச்சாவடிகளைத் தாண்டிய நேரம் பாஸ்டேக்கில் பதிவாகிறது. எங்கிருந்து எங்கே என்பது ஈவே பில்லிலிருந்தே தெரியும். இவற்றை வைத்து ஒவ்வொரு தடத்துக்கும், போக வேறு, வர வேறு என்று எண் வைக்கலாம். அதை மிஞ்சினால் பங்கு கொடுக்கட்டும். குறைந்தால் முதலில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பார்க்கட்டும். டீசல் திருடுகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் அதற்கு டேங்கில் சென்சார் வந்துவிட்டது; நேர்மையானவரின் படியில் கை வைத்துத் திருடனைப் பிடிக்க முடியாது.

அந்த டிரெய்லர் அத்திப்பள்ளியிலிருந்து கிளம்பியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. விடிவதற்குள் தொப்பூரை இறங்கியாக வேண்டும். அங்கே அந்த அண்ணன் சின்ன கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டபடி, மெதுவாக இறங்க வேண்டும். அப்படி இறங்கியதற்காக அவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது.