அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ - விமர்சனம்

தாமஸ் ஹார்டி 1872-இல் வெளியிட்ட 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' கிராம வாழ்வையும் காதலையும் சொல்லும் செவ்வியல் ஆங்கில நாவலாகப் போற்றப்படுகிறது. அந்தப் புகழுக்கு ஏற்ற நிறைவை நாவல் தருவதில்லை.

மெல்ஸ்டாக் தேவாலயத்தில் நீண்டகாலமாக வயலின் இசைத்துப் பாடிவந்த குழு, புதிய ஆர்கனுக்காக விலக்கப்படுகிறது. குழுவினர் பாதிரியாரைச் சந்தித்து முறையிடும் காட்சியில் நகைச்சுவைக்கு அடியில் துயரம் தெரிகிறது. நாவலின் வலுவான பகுதி இதுவே. ஆனால் கதை அத்துயரைத் தொடராமல், டிக் என்னும் இளைஞனுக்கும் பள்ளி ஆசிரியை ஃபேன்ஸிக்கும் இடையிலான காதலுக்கு நகர்ந்துவிடுகிறது. டிக்கும் அவன் தந்தையும் தாத்தாவும் அக்குழுவில் வாசிப்பவர்கள். ஆர்கன் வாசிக்க வருபவள் ஃபேன்ஸி. இந்த முரண் டிக்கை உலுக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஊடலும் பொறாமையுமே பக்கங்களை நிரப்புகின்றன.

டிக்குக்கு வாக்களித்த ஃபேன்ஸி, பாதிரியாரின் திருமண விருப்பத்துக்கும் இசைந்து மறுநாள் பின்வாங்குகிறாள். அதை டிக்கிடம் மறைக்கிறாள். இத்திருப்பம் கூர்மையானது என்றாலும் மிகத் தாமதமாகவே வருகிறது.

இசைக்குழுவினரை இலேசாகக் கையாண்டுவிட்டதாக ஹார்டியே 1912-இல் எழுதிய முன்னுரைக் குறிப்பில் உணர்த்துகிறார். கிறிஸ்துமஸ் இரவில் குழுவினர் வீடுவீடாகப் பாடிச் செல்லும் அத்தியாயங்கள் மட்டும் படித்தபின்னும் மனத்தில் தங்குகின்றன.