நான்காம் வேற்றுமையில் பெண்

மியூச்சுவல் ஃபண்ட் பற்றிய தமிழ் அறிமுக நூல்களை நாற்பத்தொரு வயதில்தான் வாசிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் சம்பளம் வாங்கியிருந்தேன். முதலீட்டுப் படிவங்களில் பென்சிலால் குறித்துத் தந்த இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும்.

அந்த நூல்கள் பயனற்றவை அல்ல. பலரிடம் திரட்டிய பணத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இடுவதே இந்த ஃபண்ட், என்.ஏ.வி. என்பது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு; மாதம் 500 ரூபாயில்கூட எஸ்.ஐ.பி. தொடங்கலாம், சந்தை சரிந்தால் போட்ட முதலும் குறையலாம், முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டம் 2013 முதல் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவற்றிலிருந்துதான் கற்றேன்.

ஆனால் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். சம்பாதிப்பவர், கணக்குப் போடுபவர், முடிவெடுப்பவர் எல்லாம் ஆண். மகனுக்கு மேற்படிப்பு, மகளுக்குத் திருமணம், தான் இறந்தால் மனைவிக்கு என்று அவர் பணத்தைப் பிரிக்கிறார். நான் வாசித்த நூல்களில் பெண் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறாள். எழுவாயாக வருவது அரிது.

பெண்களுக்கென ஒதுக்கிய அத்தியாயத்தில் அஞ்சறைப்பெட்டி உவமையாகிறது. அரிசிப் பானையில் சிறுவாடு சேர்த்த பாட்டியைப் புகழ்கிறார்கள். அவள் ஏன் ஒளித்துவைத்தாள் என்று மட்டும் கேட்பதில்லை. கண்ணில் பட்டால் அது வீட்டுப் பணமாகிவிடும். பிறகு அவள் கைக்குத் திரும்பாது. சிக்கனம் மட்டுமல்ல, பயமும் அந்தப் பானைக்குள் இருந்தது.

இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதால், பெண்ணுக்கு மிக அவசியமான அடிப்படைப் பாடமும் விடுபடுகிறது. பான் அவள் பெயரில் இருந்தால் போதாது. பணம் திரும்பி வரும் வங்கிக் கணக்கு யாருடையது? ஓ.டி.பி. யார் கைபேசிக்குப் போகிறது? கூட்டுக் கணக்கில் ‘யாரேனும் ஒருவர்’ என்று குறித்திருந்தால், அவள் கையெழுத்தில்லாமலே மற்றவர் பணத்தை எடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமா?

இதை வகுப்பில் ஒருநாள் சொன்னேன். மணி அடித்த பிறகு ஒரு மாணவி தயங்கி நின்றாள். “அம்மா, உதவித்தொகை வர்ற என்னோட பேங்க் கணக்குக்கே அப்பா நம்பரத்தான் குடுத்திருக்கோம். மாத்தணும்னா யார்கிட்ட கேக்கணும்?”

வங்கிக்கு அவளே போய்க் கேட்கலாம் என்றேன். இதைச் சொல்லும் ஒரு வரியைத்தான் நான் அந்த நூல்களில் தேடிக்கொண்டிருந்தேன்.