‘உதைபந்தாட்டப் போர்’: ஒரு பெயரும் மூன்று நூல்களும்

மத்திய அமெரிக்க நாடுகளுள் ஒன்றாகிய எல் சல்வடோர் 1969ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆம் திகதி தன் அயல்நாடாகிய ஹொண்டூராஸ் மீது படையெடுத்தது. ஏறத்தாழ நூறு மணித்தியாலங்களில் சமர் ஓய்ந்தது. அமெரிக்க நாடுகள் அமைப்பின் தலையீட்டினாற் போர்நிறுத்தம் ஏற்பட, ஓகஸ்ட் மாத முற்பகுதியிற் சல்வடோரியப் படைகள் பின்வாங்கின. மாண்டோர் தொகை இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலானோர் ஆயுதந் தாங்காத ஹொண்டூராஸ் மக்கள். இருபதாம் நூற்றாண்டின் பேரழிவுகளோடு ஒப்பிடுமிடத்து இது சிறிய போரே. எனினும் போர்களின் காரணம் பற்றி ஆராய்வோர் இதனை மீண்டும் மீண்டும் எடுத்து நோக்குகின்றனர். அதற்கு இப்போரின் பெயரே முதன்மையான காரணம் எனலாம். உலகப் பத்திரிகைகள் இதனை ‘உதைபந்தாட்டப் போர்’ என்றன. ஒரு போருக்குப் பெயரிடுவோர் தம்மை அறியாமலே அதன் காரணத்தையும் கூறிவிடுகின்றனர். அக்கூற்று எத்துணை உண்மையானது, அதனால் நன்மை பெற்றோர் யாவர் என்னும் வினாக்களை முன்வைத்து மூன்று நூல்கள் இங்கு நோக்கப்படுகின்றன.

பெயர் தோன்றிய வரலாறு எளிது. 1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டங்களில் இவ்விரு நாடுகளும் எதிர்ப்பட்டன. யூன் 8ஆம் திகதி தெகுசிகல்பாவில் ஹொண்டூராஸ் 1–0 என வென்றது. யூன் 15ஆம் திகதி சான் சல்வடோரில் எல் சல்வடோர் 3–0 என வென்றது. மூன்றாவது ஆட்டம் யூன் மாத இறுதியில் மெக்சிக்கோ நகரில் நடைபெற்று, மேலதிக நேரத்தில் 3–2 என எல் சல்வடோருக்குச் சாதகமாக முடிந்தது. எதிரணியினர் தங்கிய விடுதிகளின் முன் இரவு முழுவதும் ஆரவாரம், கல்வீச்சு, தேசியக் கொடிக்கு அவமதிப்பு, வந்திருந்த ரசிகர் மீது தாக்குதல் ஆகிய யாவும் நிகழ்ந்தன. அந்நாட்களிலேயே எல் சல்வடோர் தூதரக உறவுகளை முறித்துக்கொண்டது. ஆயினும் இறுதி ஆட்டத்துக்கும் படையெடுப்புக்கும் இடையில் இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட காலம் கழிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. தோற்ற அணியின் மீது வென்ற அணியின் நாடே படையெடுத்தது என்பதையும் பெயரிட்டோர் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்ப் பொருளிலக்கண மரபில் நிரைகவர்தல் வெட்சித்திணைக்கு உரியது. மண்ணாசை பற்றிய படையெடுப்பு வஞ்சித்திணைக்கு உரியது. நிரை கவரப்பட்டமையாற் பசுக்களே பகைக்குக் காரணம் என்று அம்மரபை அறிந்த எவரும் கொள்ளமாட்டார். 1969இன் பத்திரிகையாளர்கள் வெட்சியைக் கண்டு வஞ்சியைக் காணாது விட்டனர்.

இப்பெயருக்கு இலக்கிய வாழ்வளித்தவர் போலந்துப் பத்திரிகையாளர் ரிசார்ட் கப்புஷ்சின்ஸ்கி ஆவார். அவரது ‘உதைபந்தாட்டப் போர்’ 1978இல் நூலாக வெளிவந்து, 1990இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது உலகப் புகழ் பெற்றது. போர்க்களத்தில் நேரில் நின்றவர் எழுதியதென்பதால் அதற்கு ஒரு தனிச் செல்வாக்கு உண்டு. முதலாட்டத்தின் தோல்வியைத் தாங்கமாட்டாத இளம்பெண் ஒருத்தி தன்னைத் தானே சுட்டுக்கொண்டதாகவும், அவளது இறுதி ஊர்வலத்திற் சனாதிபதியும் அமைச்சர்களும் நடந்து சென்றதாகவும் அவர் எழுதுகிறார். வாசகர் நெஞ்சில் நிலைத்துவிட்ட இச்சம்பவத்தின் உண்மை பிற்காலத்திற் பெரிதும் ஐயுறப்பட்டது. செய்திக்கும் புனைவுக்கும் இடைப்பட்ட எல்லையை அவர் பேணவில்லை என்னும் குற்றச்சாட்டு அவரது ஏனைய ஆக்கங்கள் பற்றியும் எழுந்ததுண்டு.

எனினும் இந்நூலின் பிரதான குறை அதுவன்று. போரின் காரணம் நிலப் பிரச்சினையே என்பதைக் கப்புஷ்சின்ஸ்கி நன்கறிந்திருந்தார். சல்வடோரிய நிலப்பிரபுக் குடும்பங்களின் பேருடைமை, நிலமற்றோர் ஹொண்டூராஸுக்குக் குடிபெயர்ந்தமை, ஹொண்டூராஸ் அரசு தன் நாட்டு நிலப்பிரபுக்களையும் அமெரிக்க வாழைக் கம்பனியையும் தொடாமல் அக்குடியேறிகளின் காணிகளைப் பங்கிட முனைந்தமை ஆகிய யாவும் கட்டுரையின் பிற்பகுதியிற் சில பந்திகளிற் கூறப்பட்டுள்ளன. ஆனால் தலைப்பும் தொடக்கமும் வாசகனை வேறு திசையில் அழைத்துச் சென்றுவிட்ட பின்னரே அவை வருகின்றன. உண்மை அங்கே அடிக்குறிப்பின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றது. அறியாமையாற் பிழைவிடும் ஆசிரியனிலும், அறிந்ததைப் பின்தள்ளிச் சுவையை முன்வைக்கும் ஆசிரியனே கூடுதலான விமரிசனத்துக்கு உரியவன்.

பத்திரிகைப் பெயரை ஏற்க மறுத்த அறிஞர் பலர் முன்வைத்த விளக்கம் குடித்தொகை பற்றியது. எல் சல்வடோரின் பரப்பு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீற்றர். ஹொண்டூராஸின் பரப்பு 112,000 சதுர கிலோமீற்றர். போர்க்காலத்திற் சிறிய நாட்டில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்களும் பெரிய நாட்டில் 25 இலட்சம் மக்களும் வாழ்ந்தனர். அடர்த்தியில் ஏழு மடங்கு வேறுபாடு. நிறைந்த பாத்திரம் வெற்றுப் பாத்திரத்தில் வழிந்தது, மூன்று இலட்சம் சல்வடோரியர் எல்லை கடந்து குடியேறினர், மோதல் விளைந்தது. மல்தூசின் மாணவர்க்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது. உதைபந்தாட்ட விளக்கம் மக்களின் உணர்ச்சியைக் குற்றஞ்சாட்ட, இவ்விளக்கம் மக்களின் எண்ணிக்கையைக் குற்றஞ்சாட்டுகிறது. இரண்டிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒருவரே.

மானிடவியலாளர் வில்லியம் டேர்ஹாம் 1979இல் வெளியிட்ட ‘மத்திய அமெரிக்காவில் அருமையும் உயிர்தரிப்பும்’ என்னும் நூலின் சிறப்பு, இவ்விளக்கத்தை அதன் சொந்தக் களத்திலேயே சென்று சோதித்தமையாகும். மக்கள் பெருகினர் என்பதை அவர் மறுக்கவில்லை. ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் நிலம் குறைந்தமைக்கு மக்கட்பெருக்கம் எவ்வளவு காரணம், நிலம் ஒருசிலர் கையிற் குவிந்தமை எவ்வளவு காரணம் எனப் பிரித்து அளப்பதே அவரது முயற்சி. எல் சல்வடோரில் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிராமங்களின் பொதுநிலங்களை ஒழித்துக் கோப்பிச் செய்கைக்கு வழிதிறந்தன. 1950களிற் கரையோரச் சமவெளிகளைப் பருத்தி பிடித்துக்கொண்டது. சோளமும் அவரையும் விளைந்த மண் ஏற்றுமதிப் பயிர்களுக்கு மாற, உணவுப்பயிர் சரிவுகளுக்கு ஒதுங்கியது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கமங்களில் ஏறத்தாழ அரைப்பங்கு ஒரு ஹெக்ரேயருக்குக் குறைந்தவை; அவை அனைத்தும் சேர்ந்து கொண்டிருந்தது கமநிலத்தில் இருபதில் ஒரு பங்கு மாத்திரமே. இந்நிலையில், ‘நிலம் போதவில்லை’ என்னும் வாக்கியம் யாருக்குப் போதவில்லை என்னும் வினாவின்றிப் பொருளற்றதாகின்றது.

இதனினும் முக்கியமானது ஹொண்டூராஸ் பற்றிய பகுதி. அடர்த்தியே காரணமாயின், மக்கள் அருகி வாழ்ந்த ஹொண்டூராஸில் நிலப்பசி தோன்றியிருத்தலாகாது. ஆனால் தோன்றியது. டேர்ஹாம் எல் சல்வடோரில் தெனன்சிங்கோவிலும் ஹொண்டூராஸில் லங்குவேயிலும் களஆய்வு நடத்தினார். இரண்டாம் உலகப்போரின் பின் தென் ஹொண்டூராஸிற் பருத்திக்கும் மாட்டிறைச்சிக்கும் ஏற்றுமதிச் சந்தை கிடைத்தபோது, பெருநிலக்காரர் வேலிகளை முன்நகர்த்தினர். குத்தகைக்குப் பயிரிட்டோர் வெளியேற்றப்பட்டனர். குடியானவரின் நிலத்தைச் சுருக்கியதில் அயல்நாட்டுக் குடியேறிகளிலும் உள்நாட்டு வேலிகளுக்கே பெரும்பங்குண்டு என்பது அவரது முடிபு. புள்ளிவிபரங்களின் வறட்சியோடு எழுதப்பட்ட இந்நூலில், காணியின் அளவு குறையக் குழந்தை இறப்பு கூடுவதைக் காட்டும் பகுதி எந்தப் புனைகதையினும் வலியது.

குடியானவர் அமைப்புக்கள் வலுப்பெற்றபோது ஹொண்டூராஸ் அரசிடம் 1962ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் ஆயத்தமாக இருந்தது. அச்சட்டம் நிலப்பங்கீட்டைப் பிறப்பால் ஹொண்டூராஸியரானோருக்கு மட்டும் உரியதாக்கியது. பெருநிலக்காரரும் கால்நடைப் பண்ணையாளரும் 1966இல் அமைத்த சம்மேளனம், நிலத்தட்டுப்பாட்டுக்கு அந்நியரே காரணம் என ஓயாது பிரசாரஞ் செய்தது. குடிவரவு தொடர்பாக இருநாடுகளுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் 1969 சனவரியிற் காலாவதியாகியபோது புதுப்பிக்கப்படவில்லை. ஏப்பிரல் மாத இறுதியில், பிறப்புரிமையை நிறுவ முடியாதோர் காணியை விட்டு நீங்கவேண்டும் என அறிவிக்கப்பட்டது. மே மாத இறுதியில், முதலாவது பந்து உதைக்கப்படுவதற்கு முன்பே, வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் எல்லையைக் கடக்கத் தொடங்கிவிட்டன. ‘உதைபந்தாட்டப் போர்’ என்னும் பெயரை மறுப்பதற்கு இவ்வொரு கால ஒழுங்கே போதுமானது.

இவ்வளவும் கூறியபின்னும் டேர்ஹாமின் நூல் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. குடியேறிகள் ஏன் துரத்தப்பட்டனர் என்பதற்கு அதில் விடையுண்டு. எல் சல்வடோர் ஏன் படையெடுத்தது என்பதற்கு இல்லை. குவாத்தமாலாவிலும் நிலக்குவிப்பு இதற்குக் குறைந்ததன்று. அஃது அயல்நாட்டுப் போராக வெடிக்கவில்லை. அமைப்பியல் நிலைமைகளை விளக்கிவிட்டால் நிகழ்வு தானே விளங்கிவிடும் எனக் கருதும் ஆய்வாளர் அனைவருக்கும் பொதுவான குறை இது. துரத்தலுக்கும் போருக்கும் இடையில் ஒரு தீர்மானம் இருக்கிறது, தீர்மானித்தோர் இருக்கின்றனர்.

அத்தீர்மானத்தை ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் தோமஸ் அன்டர்சன். அவரது ‘உடைமை இழந்தோரின் போர்’ 1981இல் வெளிவந்தது. 1963ஆம் ஆண்டுச் சதிப்புரட்சியால் ஆட்சிக்கு வந்த லோபெஸ் அரெல்லானோ வேலைநிறுத்தங்களாலும் எதிர்ப்புக்களாலும் தளர்ந்திருந்தார். குடியேறியோரைக் காட்டித் தன் மீதான சினத்தைத் திசைதிருப்புவது அவருக்கு வாய்ப்பாயிற்று. மறுபுறத்தில், எல் சல்வடோரின் ஆளுங்குழாம் அஞ்சியது ஹொண்டூராஸின் படையை அன்று. பல்லாயிரக்கணக்கில் நிலமற்றோர் திரும்பி வருதலையே அது அஞ்சியது. 1932இல் மேற்குப் பகுதிக் குடியானவரின் எழுச்சியும், அதனை அடக்கப் பல்லாயிரவர் கொல்லப்பட்டமையும் அக்குழாத்தின் நினைவினின்றும் நீங்கவில்லை. குடிபெயர்வு என்னும் வடிகால் அடைபட்டால் உள்நாட்டில் நிலச்சீர்திருத்தக் கோரிக்கை எழும். போர் அக்கோரிக்கைக்கு மாற்றாக அமைந்தது. எதிர்க்கட்சிகளும் தேசிய ஐக்கிய முன்னணியில் இணைந்தன. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி பெருவெற்றி ஈட்டியது. மத்திய அமெரிக்கப் பொதுச்சந்தையில் எல் சல்வடோர் பெற்ற மேலாதிக்கத்தால் எழுந்த கசப்பும் துணை நின்றது.

அன்டர்சனின் விவரணை செறிவானது. ஆயினும் அவரது தலைப்பும் ஐயத்துக்கு இடந்தருகிறது. உடைமை இழந்தோர் தொடுத்த போரா, உடைமை இழந்தோர் மீது தொடுக்கப்பட்ட போரா? நூலின் உள்ளடக்கம் இரண்டாவதையே நிறுவுகின்றது.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பர் சைவசித்தாந்திகள். டேர்ஹாம் மண்ணை ஆராய்ந்தார். அன்டர்சன் குயவனைக் கண்டார். பத்திரிகைகளும் கப்புஷ்சின்ஸ்கியின் தலைப்பும் சக்கரத்தின் ஓசையைக் கேட்டன. உதைபந்தாட்டம் துணைக்காரணமே அன்று என்பாரும் உளர், அஃது ஏற்புடையதன்று. குடும்பங்கள் ஏற்கெனவே துரத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், இரு நாட்டு ஏழைகளும் ஒருவரையொருவர் பகைவராகக் காணக் கற்றுக்கொண்ட இடம் ஆடுகளம். குடத்தின் உவமை பொருந்தாது விடும் இடமும் இதுவே: களிமண்ணுக்கு மனமில்லை, குடியானவனுக்கு உண்டு. அவனும் தெருவில் நின்று ஆரவாரித்தான். இதனை உணர்த்துவதிற் கப்புஷ்சின்ஸ்கியை ஏனைய இருவரும் எட்டவில்லை. இறந்தோரின் காலணிகளைக் கழற்றித் தன் குடும்பத்தவர்க்கென ஒளித்துவைக்க எண்ணும் ஹொண்டூராஸ் சிப்பாயை அவர் காட்டுமிடத்து, நிலமற்றவனை நிலமற்றவன் கொன்ற போர் என்பது எவ்வித வாதமுமின்றித் துலங்குகின்றது. அதே ஆசிரியர் அப்போரை ஆட்டத்தின் பெயரால் அழைத்தமை வியப்பே.

இவ்விவாதத்துக்குப் பின்வந்த வரலாறும் சான்று தருகிறது. எல் சல்வடோர் 1970ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் போடாது தோற்றது. எவரும் எவர் மீதும் படையெடுக்கவில்லை. நிலப் பிரச்சினையோ உள்நாட்டுப் போராக வளர்ந்தது. 1980 மே 14ஆம் திகதி சும்புல் ஆற்றைக் கடந்து ஹொண்டூராஸினுள் தஞ்சம்புக முயன்ற சல்வடோரியக் குடியானவர் முந்நூறு பேராவது தம் நாட்டுப் படையினராற் கொல்லப்பட்டனர் என்றும், ஹொண்டூராஸ் படையினர் அக்கரையில் நின்று அவர்களைத் தடுத்தனர் என்றும் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணைக்குழு 1993இல் அறிக்கையிட்டது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒன்றையொன்று எதிர்த்த படைகள் அவை. அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி லீமாவில் இரு அரசுகளும் சமாதான உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. சர்வதேச நீதிமன்றம் 1992 செப்ரெம்பரில் பிணக்குக்குரிய எல்லை நிலங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஹொண்டூராஸுக்கு அளித்தது. அந்நிலங்களில் வாழ்ந்தோரின் குடியுரிமையையும் காணியுரிமையையும் பற்றிய உடன்படிக்கை 1998ஆம் ஆண்டிலேயே ஒப்பமிடப்பட்டது. 1969இல் துரத்தப்பட்டோர் கேட்டதும் அக்காணியுரிமையையே.