தளை தட்டிய மனை

அரபு மொழியிலே ‘பைத்’ என்னும் சொல்லுக்கு வீடு என்றும் பொருள். இரு பாதிகளாலான கவியடி என்றும் பொருள். ‘மிஸ்ராஉ’ என்பது இரட்டைக் கதவின் ஒரு பலகையைக் குறிக்கும். அக்கவியடியின் ஒரு பாதியையும் குறிக்கும். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் யாப்பிலக்கணம் வகுத்த கலீல் இப்னு அஹ்மத் அவர்களின் மரபில், அசைகளுக்கு ஸபப், வதத் என்று பெயர். முன்னது கயிறு; பின்னது கூடாரம் கட்டும் முளை. மாணவர்க்கு இதனைச் சொல்லும்போது, கவிதைக்குள் கதவு ஏது என்று சிரிப்பார்கள். சென்ற ஆண்டு, புதுப்பிக்கப்பட்ட ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த நாள் முதல் நமக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை.

அவ்வீடு காயல்பட்டினத்தில் உள்ளது. நாம் பிறந்த வீடு. அவ்வூரில் வீடு பெண்மக்களுக்கே உரியதாக வருவதும், மணமகன் பெண்வீட்டிற்குச் சென்று வாழ்வதும் வாசகர் அறிந்தவையே. அம்முறைப்படி வீடு நம் லாத்தாவுக்கு வந்தது. லாத்தாவிடமிருந்து அவர் மகளுக்குச் சென்றது. எனவே பிறந்த வீட்டில் நமக்கு யாதோர் உரிமையும் இல்லை. (உரிமை இல்லாதவனுக்கு விமர்சனம் எளிது என்பதை நாம் மறக்கவில்லை.) லாத்தாவின் மருமகன் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு, பழமை குன்றாமல் வீட்டைப் புதுப்பித்திருப்பதாகச் சொல்லி, விருந்துக்கு அழைத்தார். உண்ட பின்னர் நம் கருத்தையும் கேட்டார். அன்று சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறோம்.

பழைய வீட்டின் அமைப்பு இது: தெருத் திண்ணை, ஆடவர் அமரும் முன்கட்டு, நடுவே வான் பார்த்த முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், பெண்டிர்க்குரிய பின்கட்டு, அடுப்படி, அதற்கப்பால் முடுக்கில் திறக்கும் சிறு கதவு. முடுக்கு என்பது பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு சென்றுவர வீடுகளின் பின்னே விடப்பட்ட குறுஞ்சந்து. திண்ணையில் நிற்பவர்க்கு முற்றம் தெரியாது. முற்றத்தில் இருப்பவர்க்குத் திண்ணையின் பேச்சுக் கேட்கும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும்போது வெளிச்சம் குறைந்து, கூடி, மறுபடி குறையும். வீட்டின் யாப்பு இதுவே.

மருமகனார் காப்பாற்றியவை யாவை? செதுக்கு வேலைப்பாடுள்ள நிலையும் கதவும், பித்தளைக் குமிழ்கள், தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் நான்கு. மரத்தைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார். அந்த வேலையில் குறை சொல்ல இயலாது. ஆனால் முற்றத்தைக் காங்கிரீட்டால் மூடிக் கூடமாக்கிவிட்டார். தாழ்வாரம் போயிற்று. தூண்கள் மட்டும் கூடத்தின் நான்கு மூலைகளில் நிற்கின்றன. அவற்றின் தலைக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் வெளி. தமிழ் இலக்கணத்தில் அசைநிலை என்று ஒன்று உண்டு. பொருள் தராது நிற்கும். ஓட்டுச்சாய்ப்பைத் தாங்கிய தூண் இப்போது அசைநிலை ஆகிவிட்டது. சீர்கள் பழையவை, தளை தட்டிவிட்டது.

இந்நோய் இவர் ஒருவருக்கே உரியதன்று. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் யாரோ ஒருவர் வீட்டு நிலையையும் கதவையும் வாங்கி வந்து புதுவீட்டில் பொருத்துவோரை நாம் அறிவோம். அது பிறர் பாட்டிலிருந்து ஓரடியை எடுத்துத் தம் பாட்டில் ஒட்டுவது போன்றது; பழைய வீட்டைக் காத்தது ஆகாது.

சுவருக்கு வருவோம். நம் முன்னோர் சிப்பிச் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினர். அக்காரை ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்சியதை வெளியே விடும். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டோ கடினமானது; ஈரத்தை எளிதில் வெளியே விடாது. கடற்கரை ஊரில் உப்பீரம் ஏறும் பழஞ்சுவரின்மேல் அதனைப் பூசினால், ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சும் செங்கல்லும் சேர்ந்து உதிரும். 2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததை யாரும் மறந்திரார். அம்மழையில் லாத்தாவின் வீட்டினுள் முழங்கால் அளவு நீர் நின்றது. பங்குனிக்குள் காரைச் சுவர்கள் உலர்ந்துவிட்டன. முன்பொருமுறை சிமெண்டு பூசப்பட்ட அடுப்படிச் சுவர் மட்டும் அடுத்த மழைக்காலம்வரை பொரிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகும் வீடு முழுவதற்கும் சிமெண்டே பூசியிருக்கிறார்கள். காரை அரைக்க ஆளில்லை என்றார் ஒப்பந்தக்காரர். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஆள் கிடைத்திருக்கிறார்.

அந்த நான்காம் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கைம்பெண் ஒருவருடையது. மொத்தமாக இடித்துக் கட்டப் பொருளில்லாமல், ஆண்டுக்கொரு பகுதியாகச் செப்பனிட்டார். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் காரையே பூசுவித்தார். செல்லரித்த உத்தரங்கள் இரண்டை மாற்றினார். மூட்டுவலிக்காரரான அவர், நெல் போட்டுவைத்த அறையைக் குளியலறையும் கழிப்பறையுமாக்கினார். அங்கே போய் நின்றால் புதியது எது, பழையது எது என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆயினும் வீடு தன் நடையை இழக்கவில்லை.

புதியது சேர்வதையே நாம் வெறுப்பதாக யாரும் எண்ண வேண்டா. கெய்ரோவில் தர்புல் அஸ்ஃபர் என்னும் சந்தில் உள்ள ‘பைத்துஸ் ஸுஹைமி’யின் ஒரு பகுதி 1648இல் எழுந்தது, மற்றொரு பகுதி 1796இல் சேர்ந்தது. நடுமுற்றம் முற்றமாகவே நிற்கிறது. 1990களில் அதனைப் பெருமுயற்சியோடு பழுதுபார்த்தனர். இன்று அது காட்சியகம்; அடுப்பு எரிவதில்லை. நம் வீடுகளுக்கு அந்த நிலை வர வேண்டும் என்பதும் நம் விருப்பமன்று. பழைய வீடு ஒழுகும், கொசு வரும், இரவில் முதியவர் கொல்லைக்கு நடக்க வேண்டும். இவற்றைப் பொறுத்துக்கொள் என்று லாத்தாவிடம் சொல்ல நமக்கு நாவெழாது. குளிர்பதனப் பெட்டி வைத்ததையும் நாம் குறை கூறவில்லை.

நம்மை வருத்தியது கடைசியாகக் கண்டதே. முடுக்குக் கதவு இருந்த இடத்தில் சுவர் எழுந்திருந்தது, மறுபுறம் குளியலறை. ஃபிக்ஹு நூல்களில் வழிநடை உரிமைக்கு ‘ஹக்குல் முரூர்’ என்று பெயருண்டு. தன் சுவரில் தன் கதவை அடைப்பவனை அந்த உரிமையைக் காட்டித் தடுக்க இயலாது. ஆனால் அக்கதவின் வழியேதான் அறுபது ஆண்டுகளாக அண்டை வீட்டுப் பெண்கள் அஸருக்குப் பின் லாத்தாவிடம் வந்து அமர்ந்தார்கள். இனி வர வேண்டுமானால் தெருவைச் சுற்றி, திண்ணையில் ஆடவர் அமர்ந்திருக்க, செதுக்குக் கதவைத் தட்டி வர வேண்டும். எழுபதைக் கடந்த பெண்கள் அதற்கு எழுந்திருப்பார்களா?

“வீடு நல்லாத்தான் இருக்கு, தம்பி. ஆள்தான் யாரும் வர்றதில்லை” என்றார் லாத்தா. கூடத்துத் தூணொன்றில் சாய்ந்திருந்தார்.

விருந்து முடிந்து சில நாள்கள் கழித்து, தூணையும் முற்றத்தையும் விட்டுவிட்டு, இந்தக் கதவை மட்டும் மருமகனாரிடம் சொன்னோம். முதலில் முகம் வாடினார். பிறகு எழுந்து போய்க் குளியலறைச் சுவரை அளந்துவிட்டு வந்தார். கைகழுவும் தொட்டியை இடம் மாற்றினால் இரண்டரை அடிக் கதவுக்கு இடமிருக்கிறதாம். நோன்புக்கு முன் முடித்துவிடலாம் என்றிருக்கிறார்; கொத்தனாரிடம் இன்னும் சொல்லவில்லை.